மட்கார்டு உங்களுக்காக இல்ல, சாமிகளா!

மொதல்ல ஒரு வாக்குமூலம். நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தனா இருந்தவன்தான். அதனால, "பெருசுக்குப் பொறாமை"ன்னு ஆரம்பிக்கப் போற தம்பிங்க கொஞ்சம் பொறுமையா கடைசி வரைக்கும் வாங்க. திட்டறதா இருந்தா அங்க வந்து மொத்தமா திட்டிக்கலாம் :-)

விஷயம் இதுதான். பைக் வாங்கின மறு வாரமே பின்பக்க மட்கார்டைக் கழட்டி பரண்ல போட்டுட்டு, நம்பர் பிளேட்டை சீட்டுக்கு அடியில செருகி, அதுக்கு 'டெயில் டைடி'ன்னு ஒரு பேரும் வச்சுக்கிட்டு சுத்தறாங்க பாருங்க, அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. டைடின்னா சுத்தம்னு அர்த்தமாம். சேறு மொத்தத்தையும் அடுத்தவன் மூஞ்சிக்கு அனுப்பிட்டா அப்புறம் நம்ம வாலுல சுத்தத்துக்கு என்ன குறைச்சல்?

நான் எப்படி இதுல விழுந்தேன்னு சொல்லிடறேன். ஒரு ஞாயித்துக்கிழமை காலைல 10 எம்.எம்., 12 எம்.எம். ஸ்பேனரோட உக்காந்தேன். சீட்டைத் தூக்கினேன். இண்டிகேட்டர், நம்பர் பிளேட் விளக்கு ஒயருங்களோட கனெக்டரைப் பிடுங்கி, எது எதுன்னு பேப்பர் ஒட்டி எழுதி வச்சேன் (இதை மட்டும் யார் செஞ்சாலும் செய்ங்க, இல்லன்னா சாயங்காலம் அழுவீங்க). நாலு போல்ட்டு. மட்கார்டு அப்படியே கைல வந்துருச்சு. நெட்டுல 1,400 ரூபாய்க்கு வாங்கின இரும்புப் பட்டையை அந்த இடத்துல மாட்டினேன்.

நம்பர் பிளேட்டுல மொத சிக்கல். என் வண்டி 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வந்தது. அதுல உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டு, ஒரு தடவை பூட்டினா திரும்பக் கழட்ட முடியாத பூட்டோட வரும். உடைச்சாத்தான் வெளில வரும். உடைச்சேன். ரெண்டாவது சிக்கல் இண்டிகேட்டர். பழசு 10 வாட் பல்பு, புதுசு ஒண்ணு ரெண்டு வாட் எல்இடி. மின்சாரம் கம்மியா இழுக்கவும், பல்பு ஃப்யூஸ் ஆயிடுச்சுன்னு ஃப்ளாஷர் நினைச்சுக்கிட்டு படபடன்னு கண்ணடிச்சுது. அதுக்கு வேற ஃப்ளாஷர் மாட்டினேன். எல்லாம் முடிஞ்சு நாலடி தள்ளி நின்னு பாத்தேன். அடடா! தங்கமணி வாசல்ல வந்து ஒரு நிமிஷம் பாத்துட்டு, "வால் அறுந்த பல்லி மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. ரசனை இல்லாத ஜனங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.

அந்த ரசனை இல்லாத ஜனத்தைப் பின்னாடி உக்கார வச்சு மறுநாள் ஒரு ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கினேன். 'சர்ர்ர்'ருன்னு ஒரு சத்தம். ரெண்டு பேர் எடையில ஷாக் அப்சார்பர் அமுங்கி, டயர் மேல வந்து பிளேட்டைத் தேச்சிருக்கு. பட்டை வளைஞ்சு, இண்டிகேட்டர் ஒயரோட தோல் உரிஞ்சு செம்பு தெரியுது. ஸ்டாண்டு போட்டு அளந்தப்ப நாலு விரக்கடை இடைவெளி இருந்துச்சு. ஆனா பைக் ஸ்டாண்டுலயா ஓடுது? அப்பவாவது புத்தி வந்துச்சான்னா, இல்ல. பட்டையை நிமித்தி, கொஞ்சம் தூக்கி மாட்டிட்டு அலைஞ்சேன்.

புத்தி வந்தது நவம்பர் மழையில. தாம்பரம் - முடிச்சூர் ரோடு. மழைக்காலத்துல அந்த ரோட்டைப் பாத்தவங்களுக்கு விளக்கம் தேவையில்ல. நாப்பதுல போயிட்டு இருக்கேன். எனக்குப் பின்னாடி ஒரு டி.வி.எஸ். எக்ஸெல். ஓட்டறவருக்கு ஐம்பது வயசு இருக்கும், முன்னாடி புத்தகப் பையோட ஒரு பொடியன் நிக்கறான். தேங்கின தண்ணியில என் சக்கரம் இறங்கின அடுத்த நொடி பின்னாடி ஒரு அலறல். கண்ணாடியில பாக்கறேன், எக்ஸெல் தள்ளாடுது. ரெண்டு காலையும் ஊனி எப்படியோ நிறுத்திட்டாரு. விழல. ஆனா பக்கத்துலயே ஒரு தண்ணி லாரி போயிட்டு இருந்துச்சு. அவ்வளவுதான் சொல்வேன்.

நிறுத்திட்டு ஓடினேன். பொடியன் கண்ணைக் கசக்கிக்கிட்டு அழறான், முகமெல்லாம் சேறு. அவர் துண்டால துடைச்சுக்கிட்டே என் வண்டியைப் பாத்தாரு. அடிப்பாருன்னு நினைச்சேன், வாங்கிக்கவும் தயாராத்தான் இருந்தேன். அவர் சொன்னது இது: "தம்பி, பின்னாடி மட்கார்டு எங்கயோ கழண்டு விழுந்துருச்சு போலருக்கு, பாக்காம வந்துட்டீங்களே. வந்த வழியில தேடிப் பாருங்க, கெடைக்கும்."

"இல்லண்ணே, நானே 1,400 ரூபா குடுத்துக் கழட்டினேன்"னு சொல்ல வாய் வரல. "சரிண்ணே, பாக்கறேன்"னு சொன்னேன். ஒருத்தன் காசு குடுத்து மட்கார்டை எடுப்பான்ங்கறதே அந்த மனுஷனோட யோசனைக்குள்ள வரல பாருங்க, அங்கதான் எனக்கு உறைச்சுது.

இப்ப சண்டைக்கு வரேன். நம்மாளுங்க வழக்கமா எடுத்து விடற வாதங்களை ஒண்ணொண்ணா பாப்போம்.

"என் வண்டி, என் இஷ்டம்." வண்டி உங்களுது. சேறு யாருது? டயர் பள்ளத்துல அள்ளற தண்ணி, சக்கரம் மேல ஏறும்போது பின்னாடியும் மேலயுமா பிச்சுக்கிட்டுப் போகுது. பின்னாடி அதே வேகத்துல வர்றவன் அதுக்கு நேரா மூஞ்சியக் குடுத்துக்கிட்டு வரான். மட்கார்டோட முதல் வேலை அதைத் தடுக்கறது. பெயிண்டு உங்களுக்காக, சீட்டு உங்களுக்காக, ஹெட்லைட்டு பாதி உங்களுக்காக. பின்பக்க மட்கார்டு பெரும்பாலும் மத்தவங்களுக்காக வச்சது. அதனாலதான் அதைக் கழட்ட நமக்கு மனசு உறுத்த மாட்டேங்குது.

"எடை குறையும், வண்டி பறக்கும்." சமையல்கட்டு தராசுல வச்சே பாத்துட்டேன். கழட்டினது ஒண்ணேகால் கிலோ. மாட்டின இரும்புப் பட்டை அறுநூறு கிராம். லாபம் அறுநூத்தம்பது கிராம். அதுக்கு ஒரு வாரம் காலைல வடையை நிறுத்தினா போதும் அப்பு.

"இது கஸ்டம் பைக் கலாச்சாரம், உங்களுக்குப் புரியாது." புரியுது. 1940-கள்ல அமெரிக்காவுல 'பாப்பர்'னு ஒரு வகை பிரபலமாச்சு. எடையைக் குறைக்க முன் மட்கார்டைக் கழட்டிட்டு, பின் மட்கார்டை அறுத்துக் குட்டையாக்கினாங்க. குட்டையாக்கினாங்கய்யா, தூக்கி எறியல! அதுவும் பெரும்பாலும் ஒத்தை சீட்டு வண்டி. நம்ம ஊர்ல பின்னாடி அம்மா ஒருபக்கமா உக்காருவாங்க, அக்கா துப்பட்டாவோட உக்காருவாங்க. நீங்க மட்கார்டோட சேத்து 'அசிங்கமா இருக்கு'ன்னு புடவைத் தடுப்பையும் கழட்டறீங்களே, அது எதுக்கு இருக்குன்னு அவங்கள ஒரு தடவை கேட்டீங்களா?

"வெளிநாட்டுல எல்லாரும் பண்றாங்க." ஜப்பான்ல மட்கார்டு நீக்கற கிட் கடையிலயே விக்குது, உண்மைதான். ஆனா அங்க பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருந்தே ஆகணும். நம்பர் பிளேட்டை ஸ்டைலா செங்குத்தாத் திருப்பி மாட்டறதை 2016 ஏப்ரல்லயே தடை பண்ணிட்டாங்க. நாம அங்கேர்ந்து கிட்டை மட்டும் இறக்குமதி பண்ணோம், சட்டத்தை அங்கயே விட்டுட்டோம்.

அந்த ரிஃப்ளெக்டர் பத்தி இன்னும் ஒரு வார்த்தை. நான் கழட்டினப்ப அது மட்கார்டோடயே பரணுக்குப் போயிடுச்சு, நான் கவனிக்கவே இல்ல. ராத்திரி பெட்ரோல் தீந்து ரோட்டோரமா வண்டியை நிறுத்தறீங்க, விளக்கெல்லாம் அணைஞ்சு கிடக்கு. பின்னாடி வர்ற லாரிக்காரருக்கு நீங்க இருக்கீங்கன்னு சொல்ல அந்தச் சின்ன சிவப்புத் துண்டைத் தவிர வேற யாரும் இல்ல. அதுக்கு பேட்டரி வேணாம், ஒயர் வேணாம், ஃப்யூஸும் ஆகாது.

"போலீஸ் பிடிச்சா ஏதோ குடுத்துட்டுப் போறோம்." இதான் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏத்தற வாதம். இருந்தாலும் கணக்கைச் சொல்லிடறேன். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 123-வது விதியப் பாருங்க. பின்சீட்டு இருக்கற பைக்குன்னா, உக்காந்திருக்கறவங்க துணி சக்கரத்துல மாட்டாம, பின் சக்கரத்துல பாதிக்குக் குறையாம மறைக்கற தடுப்பு இருக்கணும். பிடிச்சுக்கக் கைப்பிடி, கால் வைக்க இடம், இதெல்லாமும் அதே விதியிலதான். 2019-ல திருத்தின சட்டத்துல, அனுமதியில்லாம வண்டியை மாத்தினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் உள்ள, இல்லன்னா ரெண்டும். 'ஒவ்வொரு'ங்கற வார்த்தையை ரெண்டு தடவை படிங்க. ஆனா அபராதத்துக்காகத்தான் மாட்டணும்னா, நீங்க அந்த எக்ஸெல்காரரைப் பாக்கலன்னு அர்த்தம்.

அப்ப பைக்கைத் தொடவே கூடாதான்னு கேப்பீங்க. கம்பெனிக்காரங்க வைக்கற மட்கார்டு பல வண்டியில அசிங்கமாத்தான் இருக்கு, ஒத்துக்கறேன். வீட்டுல ஸ்பேனர் பிடிச்சு ஒரு ஞாயித்துக்கிழமையைக் கரியாக்கற சுகமும் எனக்குத் தெரியும். தாராளமாக் கழட்டுங்க, கழுவுங்க, கத்துக்கங்க. ஆனா எதைக் கழட்டினாலும் அது என்ன வேலை பாத்துட்டு இருந்துச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. மாட்டி முடிச்சப்புறம் அந்த வேலையெல்லாம் நடக்குதான்னு பாருங்க. நடக்கலன்னா நீங்க வண்டியை அழகுபடுத்தல, ஒரு வேலைக்காரனைத் துரத்தியிருக்கீங்க.

நான் என்ன பண்ணேன்? பரண்லேர்ந்து பழசை இறக்கினேன். கீறலை உப்புத்தாள் போட்டுத் தேச்சு, மேட் கருப்பு ஸ்ப்ரே அடிச்சேன். ஒரு லாரி மட்ஃப்ளாப் துண்டை வாங்கி, ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து, மட்கார்டு நுனியில வாஷர் வச்சு ரெண்டு போல்ட்டுல தொங்கவிட்டேன். தங்கமணியைப் பின்னாடி உக்கார வச்சு, அமுங்கும்போது டயர் எதுலயும் படலன்னு பாத்தேன். நம்பர் பிளேட்டுக்கு டீலர் வாசல்ல ரெண்டு தடவை நின்னேன், அது நான் செஞ்ச வினைக்கு. மொத்தத்துல, ஊரே குட்டையாக்கற மட்கார்டை நான் நீளமாக்கியிருக்கேன். இதுவும் கஸ்டமைஸ்தானே? :-)

இப்ப ஆரம்பிக்கலாம், திட்டுங்க.

டிஸ்கி: முடிச்சூர் ரோட்டுல அந்த அண்ணனை இன்னொரு தடவை பாக்கணும்னு ஆசை. பொடியன் கண்ணு சரியாயிடுச்சான்னு கேக்கணும். அப்புறம் ஒரே ஒரு வார்த்தை: "கெடைச்சுருச்சுண்ணே."