கட்டியின் பெயர் மட்டும் போதுமா?

கம்போங் மேடானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ, நம்மவர் ஒருவருக்குக் கண் மஞ்சளாகிவிட்டால், வீட்டுப் பெரியவர்கள் முதலில் சொல்வது கீழாநெல்லியைத்தான். அன்பால் சொல்வதைக் குறை கூற மனம் வராது. ஆனால் மஞ்சள் காமாலை ஒரு நோயின் பெயரல்ல, அறிகுறிதான். கல்லீரலிலிருந்து பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் பித்தநாளத்தில் கட்டி வளர்ந்து வழியை அடைத்தாலும் அது வரும். சிறுநீர் தேநீர் நிறமாகும், மலம் வெளுக்கும், உடம்பு அரிக்கும். பலருக்கு வலியே இருக்காது. கல்லீரலுக்குள் தொடங்கும் கட்டியோ காமாலை கூட இல்லாமல் பெரிதாகிவிடலாம்.

அந்தக் கட்டி ஏன் நிற்காமல் வளர்கிறது? நம் உயிரணுக்கள் தாமாகப் பெருகுவதில்லை. வளர்ச்சிக் காரணி எனும் புரதம், உயிரணுவின் மேலுள்ள ஏற்பியில் வந்து ஒட்டுகிறது. வாசலில் அழைப்பு மணியை அழுத்துவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி கேட்டதும் உள்ளே செய்தி கைமாறி, உயிரணு இரண்டாகப் பிரிகிறது. வேலை முடிந்ததும் மணி ஓய வேண்டும். புற்றுநோயில் அது ஓய்வதில்லை.

வெளியாள் வந்து மணியை அழுத்துவதும் உண்டு. நம் அண்டை நாடான தாய்லாந்தின் வடகிழக்கில், சமைக்காத நன்னீர் மீன் வழியாக ஒரு தட்டைப்புழு உடலுக்குள் சென்று பித்தநாளத்தில் குடியேறுகிறது. அது புற்றுநோயை உண்டாக்குவது உறுதி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் வகைப்படுத்தியது. அப்புழு சுரக்கும் ஒரு புரதம், மனித வளர்ச்சிக் காரணி ஒன்றைப் போலவே உயிரணுக்களைப் பெருகத் தூண்டுவதை 2009இல் ஆய்வாளர்கள் காட்டினர்.

இன்னொரு வகையில் பொத்தானே சிக்கிக்கொள்கிறது. கல்லீரலுக்குள் தோன்றும் பித்தநாளப் புற்றுநோயாளிகளில் 100 பேரில் ஏறத்தாழ 10 முதல் 15 பேருக்கு, எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 எனும் ஏற்பியின் மரபணு வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்கிறது. யாரும் அழுத்தாமலே மணி அடித்துக்கொண்டிருக்கும். அதை அடக்கும் பெமிகாட்டினிப் மாத்திரைக்கு, ஏற்கெனவே வேறு சிகிச்சை பெற்றவர்களுக்காக, அமெரிக்கா 2020இல் ஒப்புதல் அளித்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில், இந்த மரபணுக் கோளாறுள்ள 107 பேரில் 38 பேருக்குக் கட்டி சுருங்கியது. இது முழுக் குணமல்ல. ஏற்பி மீண்டும் உருமாறி மருந்தை ஏமாற்றுவதும் உண்டு. ஆனாலும் கீமோ கைவிட்ட நிலையில் இருப்பவருக்கு இது சிறிய செய்தியா?

இங்கேதான் என் கருத்து. ‘பித்தநாளப் புற்றுநோய்’ என்று பெயர் சொல்லி நிறுத்திவிடுவது பாதி நோயறிதல்தான். எந்த மணி அடிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் மரபணுச் சோதனை, வசதி படைத்தவர் கேட்டு வாங்கும் சலுகையாக இருக்கக் கூடாது. அரசு மருத்துவமனையில் நிற்கும் தொழிலாளிக்கும் எட்ட வேண்டும்.

“100 பேரில் சிலருக்காக எல்லாருக்கும் இவ்வளவு செலவா? மருந்து விலையும் எட்டாதே!” என்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சிலர் யார் என்பது சோதிக்காமல் தெரியாது. ஐ.டி.எச்.1 போன்ற, வேறு மருந்துக்கு வழிகாட்டும் மாற்றங்களும் அதே சோதனையில் தெரியவரும். எத்தனை பேருக்குத் தேவை என்ற கணக்கு கையில் இருந்தால்தான் மருந்து விலையைக் குறைக்கச் சொல்லி வாதாடவும் முடியும்.

நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. கண் மஞ்சளானால் கீழாநெல்லியோடு நின்றுவிடாமல், அன்றே கிளினிக்கிற்குப் போய் இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் கேளுங்கள். கட்டி என்று தெரிந்து சதைத் துணுக்கு எடுக்கும்போதே, “மரபணுச் சோதனைக்கும் இது போதுமா, டாக்டர்?” என்று கேளுங்கள். பித்தநாளத்திலிருந்து கிடைக்கும் துணுக்கு பெரும்பாலும் மிகச் சிறியது. பிறகு கேட்டால் சோதிக்க மிச்சம் இல்லாமல் போகலாம்.