வென்றது காலா, காசா?

கால்பந்தைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் மலர்க் குழுவிலுள்ள அண்ணன் ஒருவர், "ஏன் தம்பி, வேறு பொருளே கிடைக்கவில்லையா?" என்று கேட்டார். கிடைத்தது. மழைநீர்ச் சேமிப்பு, இளைஞர் கடமை, தாய்மொழிக் கல்வி என்று நான்கைந்து தலைப்புகளைக் குறித்தும் வைத்திருந்தேன். ஆனால் இந்த ஆண்டு முழுவதும் என் மனத்தை அரித்துக்கொண்டிருப்பது ஒரு கால்பந்துச் சண்டைதான். மைதானத்தில் நடந்த சண்டை அல்ல. நம் விடுதி மெஸ்ஸில், சாம்பார் வாளிக்கு எதிரே நடந்தது. அதில் நான் கையால் பந்தைத் தட்டிக் கோல் போட்டேன். நடுவர் யாரும் பார்க்கவில்லை. அதனால்தான் நானே எழுத வேண்டியிருக்கிறது.

2025 மே 31 அன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். ஒருபுறம் பிரான்சு நாட்டின் பாரிஸ் சான் ஜெர்மன், பி.எஸ்.ஜி. என்றால் எல்லாருக்கும் தெரியும். மறுபுறம் இத்தாலியின் இன்டர் மிலான். நமக்கு அது நள்ளிரவு கடந்து 12.30 மணி. கோடை விடுமுறை ஆதலால் ஊரில் மொட்டை மாடியில் படுத்தபடி கைப்பேசியில் பார்த்தேன். 5-0 என்று பி.எஸ்.ஜி. வென்றது. அக்கோப்பையின் இறுதியாட்டம் எதிலும் அதற்கு முன் எவரும் ஐந்து கோல் வித்தியாசத்தில் வென்றதில்லை. டெசிரே டூவே என்ற 19 வயதுப் பையன் முதல் கோலுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த இரண்டைத் தானே போட்டான். என் வயதுதான் அவனுக்கு. அந்த வயதில் நான் செமஸ்டர் கட்டணத்திற்கு அப்பாவிடம் நான்கு நாள் தயங்கி நின்றுகொண்டிருந்தேன். அது வேறு கதை.

கல்லூரி திறந்த முதல் வாரம் மெஸ்ஸில் இதே பேச்சு. என் அறைத்தோழன் இயற்பியல் மாணவன், லிவர்பூல் பைத்தியம். நானோ மெஸ்ஸிக்காக பி.எஸ்.ஜி. ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்கி, அவர் போன பிறகும் விட முடியாமல் போனவன். "இது காசு கொடுத்து வாங்கிய கோப்பைடா" என்றான் அவன்.

இங்கே, பந்து பக்கமே போகாத பேராசிரியப் பெருமக்களுக்காக ஒரு சொல். ஒப்பந்தத்தில் உள்ள ஆட்டக்காரரை வேறொரு கிளப் அழைத்துக்கொள்ள விரும்பினால், அவர் இப்போது இருக்கும் கிளப்புக்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். அதுதான் டிரான்ஸ்பர் தொகை. ஆட்டக்காரரின் சம்பளம் வேறு. 1905-இல் ஆல்ஃப் காமன் என்பவருக்கு இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ கிளப் ஆயிரம் பவுன் கொடுத்தபோது ஊரெல்லாம் வாயில் விரலை வைத்ததாம். 2011-இல் கத்தார் அரசைச் சார்ந்த முதலீட்டு நிறுவனம் பி.எஸ்.ஜி.யை வாங்கியது. 2017-இல் நெய்மர் ஒருவருக்கு மட்டும் அந்தக் கிளப் 22 கோடியே 20 லட்சம் யூரோ கொடுத்தது. எம்பாப்பேக்கு ஏறக்குறைய 18 கோடி. 2021-இல் மெஸ்ஸியும் வந்து சேர்ந்தார். மூவரும் சேர்ந்து ஆடிய இரண்டு பருவத்திலும் சாம்பியன்ஸ் லீகில் கடைசிப் பதினாறு அணிகள் என்ற கட்டத்தைத் தாண்டவில்லை. 2023-இல் மெஸ்ஸியும் நெய்மரும், 2024-இல் எம்பாப்பேயும் கிளம்பிப் போனார்கள். 2025-இல் கோப்பை வந்தது.

இதைத்தான் நான் சொன்னேன். "காசைக் கொட்டினபோது தோற்றார்கள். நட்சத்திரங்கள் போன பிறகுதான் ஜெயித்தார்கள். எங்கேடா காசு?" மேசையைச் சுற்றியிருந்தவர்கள் 'ஓ' போட்டார்கள்.

அவன் விடவில்லை. இன்டர் மிலானில் முன்வரிசை ஆட்டக்காரர் தூராம் முதல் பலரும் ஒப்பந்தம் முடிந்து, டிரான்ஸ்பர் தொகை இல்லாமல் வந்தவர்கள் என்றான். தன் லிவர்பூல் 2024-25 பருவத்தில் சியேசா என்ற ஒரே ஒரு புது ஆளை மட்டும் களத்துக்குக் கொண்டுவந்து இங்கிலாந்து லீகை வென்றது என்றான். பிறகு என் முகத்துக்கு நேரே கேட்டான்: "சரி, உன் டூவேயை எவ்வளவுக்கு வாங்கினார்கள்? சொல்லு."

எனக்குத் தெரியும். ரென் என்ற கிளப்பிடமிருந்து 2024-இல், ஏறக்குறைய 5 கோடி யூரோவுக்கு. அது மட்டுமா? ஜோவாவ் நெவஸுக்கு ஏறக்குறைய 6 கோடி, ஜார்ஜியா நாட்டு குவாராட்ஸ்கெலியாவுக்கு ஏறக்குறைய 7 கோடி. எல்லாம் ஒரே பருவத்தில். அத்தனையும் நாவின் நுனியில் நின்றன. நான் சொன்னது: "அவன் அகாடமிப் பையன்டா. சொந்தமாக வளர்த்தது." ஐந்தாவது கோலைப் போட்ட மாயுலுதான் அகாடமிப் பையன். அவன் சட்டையை டூவேக்கு மாட்டிவிட்டேன். யாரும் கைப்பேசியை எடுத்துச் சரிபார்க்கவில்லை. கைதட்டல் எழுந்த பிறகு யார் பார்ப்பார்கள்? அறைத்தோழன் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போனான். அதன் பின் அவன் என்னிடம் எல்லாம் பேசுகிறான். கால்பந்து மட்டும் பேசுவதில்லை.

புள்ளியியல் படிக்கிறவன் நான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்கம் கொஞ்சம் கூடும்.

எங்கள் வகுப்பில் ஆசிரியர் ஒருநாள் ஒரு கணக்குச் சொன்னார். "நம் கல்லூரியில் தேர்வில் தவறியவர்களுள் பெரும்பாலோர் பேருந்தில் வருபவர்கள். எனவே பேருந்தில் வருவது படிப்புக்குக் கேடு. சரியா?" நாங்கள் சிரித்தோம். தேறியவர்களுள் பெரும்பாலோரும் பேருந்தில்தானே வருகிறார்கள்! இந்தச் சிறு பிழையைத்தான் கால்பந்தில் ஒரு மனிதர் வாழ்நாள் முழுதும் செய்தார் என்பதைப் பிறகு படித்து வியந்தேன். சார்லஸ் ரீப், இங்கிலாந்து விமானப் படையில் கணக்கு அதிகாரி. 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் டவுனும் பிரிஸ்டல் ரோவர்ஸும் ஆடிய ஆட்டத்தின் இடைவேளையில், சலிப்பு மேலிட்டு, பென்சிலும் தாளும் எடுத்து ஒவ்வொரு பாஸையும் குறிக்கத் தொடங்கினார். பிறகு ஆண்டுக்கணக்கில் குறித்தார். பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸுக்குள் விழுகின்றன என்று கண்டார். ஆகவே பந்தை நீளமாக முன்னே உதையுங்கள், பின்னிப் பின்னி ஆடாதீர்கள் என்றார். 1968-இல் அரச புள்ளியியல் கழகத்தின் ஆய்விதழிலேயே அவர் கட்டுரை வந்தது. கணக்கில் பொய் கிடையாது. ஆனால் கால்பந்தில் கோலாகாமல் வீணாகும் முயற்சிகளிலும் பெரும்பாலானவை மூன்று பாஸுக்குள்தான் அறுந்து போகின்றன! பேருந்து மாணவர் கதைதான். இருந்தும் அவர் சொல்லைக் கேட்டு ஆடிய பயிற்சியாளர்கள் இருந்தார்கள்.

ரீப்பிடம் எனக்கு ஒரு மரியாதை உண்டு. அவர் தவறாக எண்ணினாரே ஒழிய எதையும் மறைக்கவில்லை. நானோ எண்ணத் தெரிந்தவன்; மறைத்தேன்.

அந்த உறுத்தலில்தான் காசுக்கும் வெற்றிக்கும் உள்ள உறவை யாராவது ஒழுங்காக எண்ணியிருக்கிறார்களா என்று தேடத் தொடங்கினேன். சைமன் கூப்பரும், பொருளியல் பேராசிரியர் ஸ்டெஃபான் சிமான்ஸ்கியும் 2009-இல் வெளியிட்ட 'சாக்கர்னாமிக்ஸ்' நூலில் விடை இருந்தது. 1978 முதல் 1997 வரை இங்கிலாந்தின் 40 கிளப்புகளை எடுத்துக்கொண்டார்கள். லீக் பட்டியலில் ஒரு கிளப் மேலே நிற்பதற்கும் இன்னொன்று கீழே நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டில் டிரான்ஸ்பர் செலவு எவ்வளவை விளக்குகிறது? 16 சதவீதம். சம்பளச் செலவு? 92 சதவீதம். படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

நானும் அவனும் மெஸ்ஸில் தட்டைத் தட்டித் தட்டிப் போட்ட சண்டை முழுவதும் அந்த 16-ஐப் பற்றியது! 92-ஐ இருவருமே தொடவில்லை. இன்டருக்குத் தொகையில்லாமல் வந்தவர்கள் சம்பளமில்லாமலா ஆடினார்கள்? டிரான்ஸ்பர் தொகை மிச்சமானால் அதில் ஒரு பங்கை ஆட்டக்காரரே சம்பளமாகக் கேட்டு வாங்கிக்கொள்வார். மெஸ்ஸியும் அப்படித் 'தொகையின்றி' வந்தவர்தான். அவரை யாராவது மலிவு என்று சொல்வார்களா? லிவர்பூல் ஒரே ஒருவரை வாங்கியது மெய். ஏற்கெனவே அங்கிருந்த சாலாவும் வான் டைக்கும் வாங்கும் சம்பளம் அந்தக் கணக்கில் வராது. காசு எங்கே என்று கேட்ட எனக்கும், காசு இல்லாமல் வென்றோம் என்ற அவனுக்கும் ஒரே விடைதான்: சம்பளப் பட்டியலைப் பார்.

ஆனால் இந்த 92 ஓர் ஆட்டத்தைப் பற்றியது அல்ல. இருபது ஆண்டுக் கணக்கு. ஓர் இரவு என்பது வேறு. 2025 மார்ச் 5 அன்று பாரிசில் இதே பி.எஸ்.ஜி., லிவர்பூலுக்கு எதிராக 27 முறை கோலை நோக்கி உதைத்தது. லிவர்பூல் உதைத்தது இரண்டே முறை. கோல்கீப்பர் அலிசன் சுவராய் நின்றார். 87-ஆம் நிமிடம் ஹார்வி எலியட் ஒன்றைப் போட, லிவர்பூல் 1-0 என வென்றது. அன்று என் அறைத்தோழன் விடுதி வராந்தாவில் போட்ட கூச்சலில் காப்பாளரே எழுந்து வந்தார். ஆறு நாள் கழித்து லிவர்பூலின் சொந்த மைதானத்தில் பி.எஸ்.ஜி. 1-0 என்று வென்று கணக்கைச் சமன்செய்து, பெனால்டியில் 4-1 என்று தப்பியது. அந்தப் பெனால்டிகள் சற்று விலகிப் போயிருந்தால், 'நட்சத்திரங்கள் போனதால்தான் வென்றது' என்ற என் தத்துவம் பிறந்தே இருக்காது. 'இன்னும் எத்தனை கோடி கொட்டினாலும் இவர்களுக்குக் கோப்பை வராது' என்று அவன் சொல்லிக்கொண்டிருப்பான், நானும் தலையாட்டிக்கொண்டிருப்பேன்.

காசு எங்கே வெல்கிறது என்று பார்க்க வேண்டுமானால் மியூனிக்கைப் பார்க்கக் கூடாது. பிரான்சு நாட்டு லீகைப் பார்க்க வேண்டும். 2012-13 முதல் 2024-25 வரை பதின்மூன்று பருவங்கள். அவற்றுள் பதினொன்றில் பி.எஸ்.ஜி. சாம்பியன். தவறிய இரண்டில் ஒன்று 2017-இல் மொனாக்கோவுக்குப் போயிற்று. அது ஒன்றும் ஏழைக் கிளப் அல்ல, ரஷ்யக் கோடீஸ்வரர் ஒருவருடையது. வென்ற அதே கோடையில் அதன் எம்பாப்பேயை பி.எஸ்.ஜி.யும், பெர்னார்டோ சில்வாவை மான்செஸ்டர் சிட்டியும் எடுத்துக்கொண்டன. மற்றொன்று 2021-இல் லில் கிளப்புக்கு. அந்த லில் அணியின் பயிற்சியாளர் அதே ஆண்டே வேறு கிளப்புக்குப் போய், 2022-இல் பி.எஸ்.ஜி.யிலேயே வந்து உட்கார்ந்தார். 'காசில்லாமலும் வெல்லலாம்' என்பதற்கு எல்லாரும் எடுத்துக்காட்டும் 2016-இன் லெஸ்டர் சிட்டியும் தப்பவில்லை. அந்த வெற்றியின் முதுகெலும்பான கான்டேயை அதே ஆண்டு செல்சி வாங்கியது. அடுத்த பருவம் சாம்பியன் செல்சி. விதிவிலக்கை விதி விலைக்கு வாங்கிவிடுகிறது.

ஆகவே என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். என் அறைத்தோழன் சொன்ன முடிவு சரி. காட்டிய சான்று தவறு. அந்தக் கிளப் மியூனிக்கில் ஐந்து கோல் போட்டதற்கு நான் இன்றும் கைதட்டுவேன். டூவேயின் கால் எவ்வளவுக்கு வாங்கப்பட்டது என்பதால் அந்தக் கோலின் அழகு குறையாது. ஆனால் பதின்மூன்றில் பதினொன்று என்பது ஆட்டமா? பிரான்சின் ஏதோ ஒரு சிற்றூரில் ஒரு பையன் தன் ஊர் அணிக்காக ஆகஸ்டு மாதம் கொடி தைக்கிறான் என்று வையுங்கள். முடிவு என்னவென்று அவனுக்கு அன்றே தெரியும். அவனுக்காகப் பேச வேண்டிய நான், காசு பக்கம் நின்று, அதற்காகப் பொய்யும் சொன்னேன். நம் சண்டைகளில் இதுதான் எனக்குப் பிடிக்காமல் போயிற்று. கேள்விக்கு விடை தேடி எண்களிடம் போவதில்லை. விடையை முடிவு செய்துவிட்டுச் சாட்சிக்கு எண்களை இழுத்து வருகிறோம்.

2025 செப்டம்பர் முதல் தேதி லிவர்பூல், அலெக்சாண்டர் ஈசாக்கை நியூகாசிலிடமிருந்து 12 கோடியே 50 லட்சம் பவுனுக்கு வாங்கியது. பிரிட்டனில் அதுவரை எந்தக் கிளப்பும் அவ்வளவு கொடுத்ததில்லை. செய்தி வந்த இரவு நான் கட்டிலில் படுத்திருந்தேன். எதிர்க் கட்டிலில் அவன். 'எங்கேடா உன் ஒரே ஒரு ஆள்?' என்று கேட்க வாய் ஊறியது. டூவே ஞாபகம் வந்தது. போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டேன்.

அவனிடம் நேரில் சொல்ல மூன்று முறை முயன்றேன். ஒருமுறை மின்சாரம் போயிற்று, ஒருமுறை அவன் அம்மா கூப்பிட்டார், ஒருமுறை காரணமே இல்லை. டூவே அகாடமிப் பையன் அல்லடா. ரென்னிலிருந்து வந்தவன், 5 கோடி யூரோ. அன்றைக்கே எனக்குத் தெரியும். மலர் கைக்கு வந்ததும் அவன் முதலில் புரட்டுவது விளையாட்டுப் பக்கத்தைத்தான்.