உழைப்பு உண்டு, கூலி இல்லை

வேலையில்லாத் திண்டாட்டம் குறைந்துவிட்டது என்று மத்திய அரசு பெருமைப்பட்டுக்கொள்கிறது. கணக்கும் அதன் பக்கம்தான். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் தொழிலாளர் கணக்கெடுப்புப்படி, 2017-18இல் 6 சதவீதமாக இருந்த வேலையின்மை 2023-24இல் 3.2 ஆகச் சரிந்தது. 15 வயதைத் தாண்டிய பெண்களில் வேலையில் இருப்பவர்கள் அல்லது வேலை தேடுபவர்களின் விகிதமோ 23.3 சதவீதத்திலிருந்து 41.7க்குத் தாவியது.

இத்தனை பெண்களும் எங்கே வேலைக்குப் போனார்கள்? பலர் எங்கும் போகவில்லை. கிராமங்களில் உழைக்கும் பெண்களில் 100க்கு 77 பேர் இருப்பது விவசாயத்தில். நாடு முழுவதும் உழைக்கும் பெண்களில் 36.7 சதவீதத்தினர் குடும்ப நிலத்திலோ கடையிலோ ‘உதவியாளர்கள்’. நாற்று நடுவதும், சொசைட்டிக்குப் பால் கறந்து அனுப்புவதும், கடையில் பொட்டலம் கட்டுவதும் வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் மாதக் கடைசியில் அவர்கள் கைக்கென்று சம்பளம் வராது.

கணக்கெடுத்தவர்கள் மீது குற்றமில்லை. ஊதியமில்லாத குடும்ப உழைப்பையும் வேலையாகக் கொள்வது நெடுநாளைய வழக்கம். முன்பு விட்டுப்போன பெண்களைச் சரியாகக் கேட்டு எழுதியதால்தான் எண்ணிக்கை கூடியது என்று வாதிடுபவர்களும் உண்டு. அப்படியானால் அது புது வேலையல்ல, பழைய வேலைக்குப் புதுப் பதிவு.

சுயதொழில் செய்பவர்கள் 52.2 சதவீதத்திலிருந்து 58.4 ஆகப் பெருகியதும் இந்தக் கதைதான். சொந்தக் கம்பெனி என்று எண்ணிவிட வேண்டாம். தள்ளுவண்டிக்காரரும் அதில் அடக்கம், சம்பளமில்லாத மருமகளும் அடக்கம். மாதச் சம்பளக்காரர்களின் பங்கு 22.8இலிருந்து 21.7 ஆகக் குறைந்திருக்கிறது.

இதைவிடக் கவலை தருவது வேறொன்று. 2004-05இல் உழைப்பாளர்களில் 58.5 சதவீதத்தினர் விவசாயத்தில் இருந்தார்கள். 2018-19இல் அது 42.5. ஊரைவிட்டு நகரத்துக்கு, நிலத்தைவிட்டு ஆலைக்கு, கட்டடத்துக்கு, கடைக்கு என்பதே வளரும் நாடுகள் பலவும் போன பாதை. கொரோனா வந்தது. 2020இல் ஊரடங்கின்போது மூட்டை முடிச்சுகளோடு நடந்தே ஊர் திரும்பியவர்களை நிலம் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஊரடங்கு முடிந்து ஆண்டுகள் கழிந்தும், 2023-24இல், விவசாயத்தின் பங்கு 46.1 சதவீதம். ஆலைத் தொழிலில் 11.4 சதவீதத்தினரே இருந்தார்கள், 2011-12இல்கூட 12.6 இருந்தது. நாட்டின் உற்பத்தி மதிப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தரும் விவசாயத்தை, உழைப்பாளர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பங்குபோட்டுக்கொள்கிறார்கள்.

2025 முதல் வேலையின்மைக் கணக்கு மாதந்தோறும் வெளியாகிறது. இதில் அளவுகோல் கணக்கெடுப்புக்கு முந்தைய ஏழு நாட்கள். அதில் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர்.