பஞ்சுப் பிரேக்கும் "பழைய லோரி" என்ற சாக்கும்

மேட்டுக்காட்டிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு தோட்டத்து லோரி இறங்குகிறது. டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். கால் பஞ்சில் அமுங்குவதுபோல் அமுங்குகிறது. மூன்று நான்கு முறை குத்திக் குத்தி மிதித்த பிறகே வண்டி நிற்கிறது. பின்னால் நிற்கும் நம்மவர்கள் "பழைய லோரி, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். ஆபீஸில் சொன்னாலோ, "ஒரு போத்தல் எண்ணெய் ஊற்றி ஓட்டு" என்று பதில் வருகிறது.

இரண்டும் தவறு. வண்டி பழையதாகலாம், பிரேக் பழையதாகக் கூடாது. குத்தி மிதித்தால் நிற்கும் பிரேக், நல்ல பிரேக் அல்ல. நாளை நிற்காது என்று இன்றே சொல்லும் பிரேக்.

காரணம் எளிது. சின்ன லோரி, வேன்களின் பிரேக் குழாயில் இருப்பது எண்ணெய். (பெரிய லோரிகளின் காற்றுப் பிரேக் வேறு வகை.) எண்ணெய் அமுங்காது, ஆகவே காலின் பலம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. குழாயில் காற்று புகுந்தால் அந்தக் காற்றுதான் அமுங்கும். சக்கரத்துக்குப் பலம் போகாது. எண்ணெயே பழசானாலும் இதே கதிதான். அது ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. புதிய டாட் 3 எண்ணெய் 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய எண்ணெய்க்கு விதித்த அளவோ 140 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி எண்ணெய் கொதித்தால், அந்த ஆவிக் குமிழிகளும் காற்றைப்போலவே அமுங்கும்.

டிரைவர் தோழரே, பெடல் பேசும், கேளுங்கள். எத்தனை முறை மிதித்தாலும் பஞ்சுபோலவே இருந்தால், பெரும்பாலும் காற்று. இரண்டாம் மிதியில் உயர்ந்து கெட்டியாக நின்றால், ஷூ தேய்ந்து டிரம்மை விட்டு விலகியிருக்கும். அழுத்திப் பிடிக்கையில் மெல்லத் தரைக்கு இறங்கினால், கசிவு. டயரின் உட்புறம் நனைந்திருக்கிறதா? வீல் சிலிண்டரைப் பாருங்கள். வெளியே எங்கும் ஈரமில்லையா? மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பரைச் சந்தேகியுங்கள். மிதிக்கும்போது சக்கரத்தருகே ரப்பர் குழாய் உப்பினால், அதை மாற்றியே ஆக வேண்டும்.

முதலில் கசிவை அடைத்து, அதன் பின்னரே காற்றை எடுக்க வேண்டும். வண்டிப் புத்தகம் வேறு சொல்லாவிட்டால், மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்துச் சக்கரத்தில் தொடங்கலாம். ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் திருகைத் திறந்து, கால் எழும்புமுன் மூட வேண்டும். குமிழி நிற்கும்வரை செய்க. மேலே உள்ள எண்ணெய்க் கிண்ணம் வற்றினால் பட்ட பாடு வீண்.

இன்னொன்று. அவசரத்துக்கு எஞ்சின் எண்ணெயை ஊற்றுவோர் உண்டு. மண்ணெண்ணெயிலும் பெட்ரோலிலும் ரப்பர் என்னாகும் என்று நமக்கா சொல்லித்தர வேண்டும்? பிரேக்கினுள் இருக்கும் ரப்பரும் அப்படியே உப்பிக் கெடும்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு என்ன? சில போத்தல் எண்ணெய், சில ரப்பர்கள், பட்டறையில் ஒரு நாள். அந்த ஒரு நாளை மிச்சப்படுத்தவா ஒரு லோரி உயிர்களைப் பணயம் வைப்பது? "ஊற்றி ஓட்டு" என்பது பழுது பார்ப்பதல்ல, பழுதை மறைப்பது. எண்ணெய் தானாகக் குறையாது: ஒன்று ஷூ தேய்ந்திருக்கும், அல்லது கசிவிருக்கும்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. மலேசியாவின் 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், வேலைக்கான சாதனங்களைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் கடமையை முதலாளி மீதே சுமத்துகிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தமோ, உடனடி ஆபத்து உண்டென நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளியிடம் தெரிவித்தும் நடவடிக்கை இல்லையென்றால், அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையைத் தருகிறது.

ஆனால் வாய்ச்சொல் காற்றில் போய்விடும். டிரைவர் எழுதிக் கொடுக்கட்டும். கிராணிமார் தேதியோடு பதிவு செய்யட்டும். அந்த ஒரு வரி நாளை ஒரு குடும்பத்தைக் காக்கும். ஏறும் தொழிலாளரும் டிரைவரைத் தனியே விட்டுவிடாதீர்கள். அவர் "இந்த லோரியை எடுக்க மாட்டேன்" என்று சொல்லும் நாளில், "நாங்களும் ஏற மாட்டோம்" என்று கூடி நில்லுங்கள். ஒருவர் சொன்னால் அது முறைப்பாடு. எல்லோரும் சொன்னால் லோரி பட்டறைக்குப் போகும்.