சிறுதேரும் நுங்கு வண்டியும்

தமிழ் மரபில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். பள்ளிகளின் கோடை விடுமுறையும் ஏறத்தாழ அக்காலந்தான். மேடவாக்கத்தில் அந்நாட்கள் அபாகஸ், கீபோர்டு, கராத்தே எனப் பங்கிடப்பட்டுவிடுகின்றன. முடிவில் தரப்படும் சான்றிதழையே வளர்ச்சியின் அடையாளமாகக் கொள்கிறோம்.

பிள்ளைத்தமிழ் வளர்ச்சியை வேறு விதமாக எண்ணியது. செங்கீரை ஆடுதல், சப்பாணி கொட்டுதல், முத்தம் தருதல், தளர்நடையிட்டு வருதல் என விரியும் பத்துப் பருவங்களில் ஆசிரியருமில்லை, போட்டியுமில்லை. இறுதி மூன்றும் முழுக்க விளையாட்டே: ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர்; பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல். சிற்றில் பருவத்தில் சிறுமியரின் மணல்வீட்டைச் சிதைக்கும் குறும்பே பாடுபொருளாகிறது.

மதுராந்தகம் பக்கத்துச் சிற்றூர்க் குடும்பங்களுக்கு இளவேனில் ஓய்வுக்காலமன்று. குலதெய்வக் கோயிலில் கைக்குழந்தைக்கு மொட்டை, காதுகுத்து. பெரியவன் கிணற்றில் நீந்தப் பழகுகிறான். தங்கை புளியங்கிளையில் ஊஞ்சலாடுகிறாள். சின்னவன் நுங்குக் கூந்தலைச் சக்கரமாக்கி வண்டி உருட்டுகிறான். நீராடல், ஊசல், சிறுதேர் மூன்றும் அங்கே ஏட்டுக்கு வெளியே வாழ்கின்றன.

வகுப்புகளே வேண்டா என்பதன்று என் வாதம். தாத்தா வீட்டில் கழியும் பதினைந்து நாட்களை வீண்நாட்களாகக் கணக்கிட வேண்டா என்பதே. சோழப் பேரரசன் இரண்டாம் குலோத்துங்கனையும் ஒட்டக்கூத்தர் 12ஆம் நூற்றாண்டில் விளையாடும் பிள்ளையாக்கிப் பாடினார். அரசனுக்கே இழுக்காகாத விளையாட்டு நம் பிள்ளைகளுக்கு மட்டும் இழப்பாகிவிடுமா?