அடைக்கலம் சேரி வரை வந்ததா?

அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சிக்குத் 'திருக்காவலூர்' என்று பெயர் சூட்டி, அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பியவர் வீரமாமுனிவர். அரியலூர் மழவராயரின் நோயை அவர் குணமாக்கினார், நன்றியாக மழவராயர் கோயிலுக்கு நிலம் தந்தார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. எங்கள் பக்கத்தில் மத நல்லிணக்க மேடை என்றால் இந்தக் கதை கட்டாயம் வரும். வரட்டும். மதவெறியை விதைத்து ஓட்டு அறுக்க வருகிறவர்களிடம் அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நான் கேட்பது வேறு. அந்த அடைக்கலம் சேரி வரை வந்ததா?

வீரமாமுனிவர் பணியாற்றிய மதுரை மிஷனை அந்தக் காலத்தில் உலுக்கிய பெரிய சர்ச்சைகளில் ஒன்று, சாகக் கிடக்கும் பறையரின் குடிசைக்குள் பாதிரியார் நுழையலாமா என்பது. 1704இல் புதுச்சேரியில் போப்பின் தூதர் துர்னோன், நுழைந்தே ஆக வேண்டும் என்று ஆணையிட்டார். நுழைந்தால் மற்ற சாதியார் எங்களை அண்டமாட்டார்கள் என்றார்கள் சேசு சபையார். நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் காலத்தில் கிடைத்த சமரசம் என்ன தெரியுமா? பறையருக்கென்று தனிப் பாதிரியார்கள்! தீட்டை ஒழிக்கவில்லை, அதற்கு ஆள் நியமித்தார்கள். தேம்பாவணியைத் தமிழுக்குத் தந்த அதே மிஷன்தான் இது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. மாசச்சூசெட்ஸிலிருந்து விரட்டப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ், நாரகான்செட் பழங்குடித் தலைவர்களிடம் நிலம் பெற்று 1636இல் பிராவிடன்ஸை நிறுவினார். யாரும் தம் மனச்சாட்சிப்படி வழிபடலாம் என்ற அடிப்படையில் அங்கிருந்து வளர்ந்ததுதான் ரோட் ஐலண்ட் குடியேற்றம். குவேக்கர்களும் யூதர்களும் அங்கே நிம்மதியாக வாழ்ந்தார்கள். அடுத்த நூற்றாண்டில் அதே ரோட் ஐலண்டின் நியூபோர்ட், ஆப்பிரிக்கர்களைப் பிடித்து விற்கும் கப்பல்களின் முக்கியத் துறைமுகம். நிலம் தந்த நாரகான்செட் மக்களோ 1675-76 போரில் கொன்று குவிக்கப்பட்டார்கள்.

அடுத்தவன் கடவுளைப் பொறுத்துக்கொள்ள மழவராயர் தன் அதிகாரத்தில் எதையும் இழக்க வேண்டியிருக்கவில்லை. சேரிக்காரனைச் சமமாக நடத்தியிருந்தால் ஊரே கலைந்திருக்கும்.

இன்றைய சட்டமும் அந்தப் பழைய சமரசத்தைத்தான் நீட்டிக்கிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறித்தவருக்குக் கதவு திறக்கவில்லை. தமிழ்நாட்டில் அவர் 'பிற்படுத்தப்பட்டோர்'. ஆண்டைக்கு மட்டும் அவர் இன்னும் பறையர்தான். அடி விழுந்து காவல் நிலையம் போனால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உனக்குப் பொருந்தாது என்கிறார்கள்.