கைதட்டலை நீக்கினால் எஞ்சுவது எது?

எழுபதுகளின் புரோகிரசிவ் ராக் மேடைப் பதிவுகளை நேசிப்போரிடம் ஆயத்தமான வாசகம் ஒன்று உண்டு: ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவானது செய்யப்பட்டது, மேடையில் உருவானது நிகழ்ந்தது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய ஸ்பூல் நாடாக் கச்சேரிகளைப் பொக்கிஷமாகக் காக்கும் கர்நாடக இசை அன்பர்களும் சொற்களை மட்டும் மாற்றி இதையே சொல்வர். தலைமுறை வேறு, உடை வேறு, இசையும் வேறு, நம்பிக்கை ஒன்றே. அந்நம்பிக்கை தவறானது. தவறு என்பதைக் காட்டிலும், அது எவருக்கெல்லாம் வசதியாக இருக்கிறது என்பதே ஆராயத் தக்கது.

முதலில் தவறு. கிங் கிரிம்சன் குழு 1973 நவம்பரில் ஆம்ஸ்டர்டாம் நகரின் கான்செர்ட்கெபௌ அரங்கில் வாசித்தது. அவ்விரவின் பகுதிகள் கைதட்டல் நீக்கப்பட்டு, 1974-இல் வெளிவந்த ‘ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்’ தொகுப்பில் இடம்பெற்றன. பலர் அதைக் கூடத்தில் பதிவான தட்டாகவே கேட்டனர். மறுபுறம், 1975-இல் மேடைப் பதிவு என்ற அறிவிப்போடு வந்த ‘யுஎஸ்ஏ’ தட்டில் எடி ஜாப்ஸனின் வயலினும் பியானோவும் பின்னர்க் கூடத்தில் சேர்க்கப்பட்டவை. ஆக, மேடையில் நிகழ்ந்தது கூடத்துப் படைப்பாகவும், கூடத்தில் செய்யப்பட்டது மேடை நிகழ்வாகவும் செவியை அடைந்தன. இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்துப் போற்றிய ரசிகர் எந்த உண்மையைக் கேட்டார்?

எனினும் அந்த நேசம் வெறும் மயக்கமன்று. அதற்கு ஒரு பொருளியல் காரணம் உண்டு: காலம். 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேல் தாங்கும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியே ஆனாலும் அந்தச் சிமிழுக்குள்தான் அடங்கியாக வேண்டும். கோவில் வீதியில் அது இரவெல்லாம் விரிந்தது. ஒரு ராகம் தன் நீளத்தில் என்ன செய்கிறது என்பதை அறிய மேடைப் பதிவைத் தவிர வழியில்லை. 1968-இல் மறைந்த மதுரை மணி ஐயரின் கற்பனாஸ்வரத்தை இன்றைய மாணவர் கேட்க முடிகிறதென்றால், கச்சேரிகளில் நாடாவை ஓடவிட்டவர்களுக்கு அவர் கடன்பட்டிருக்கிறார். இங்கு ரசிகரை எள்ளி நகையாடும் உரிமை பல்கலைக்கழக இசைத்துறைகளுக்கு இல்லை. அவர்கள் சேமித்தார்கள்; துறைகள் பாடத்திட்டம் திருத்திக்கொண்டிருந்தன.

இவ்விரு ரசிக உலகங்களும் சந்திக்கும் பதிவு ஒன்று உண்டு. 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் ஜான் மெக்லாக்லின் கிதாரோடும், எல். சங்கர் வயலினோடும், மாஹிமில் வளர்ந்த ஜாகிர் உசேன் தபலாவோடும், விக்கு விநாயக்ராம் கடத்தோடும், ராமநாடு ராகவன் மிருதங்கத்தோடும் அமர்ந்தனர். 1976-இல் வெளியான ‘சக்தி’ தட்டு அதுவே. அதன் இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே உருப்படி. ஏறத்தாழ 29 நிமிடங்கள். அக்குழு அடுத்துத் தந்த இரு தட்டுகளும் கூடத்தில் பதிவானவை, நேர்த்தியானவையும்கூட. ஆயினும் முதல் தட்டின் மீதே பலருக்குத் தீராக் காதல். ஒருவர் வாசிக்கையில் மற்றவர் வியந்து பின்தொடர்வதும், தாளக் கணக்கு முடியுமிடத்தில் ஐவரும் ஒன்றாய் வந்து விழுவதும் அதில் கேட்கின்றன. இந்த இன்பத்தை மறுப்பவர் செவிடர். ஆனால் இந்த இன்பத்தை ‘உண்மை’ என்று பெயரிட்டு அழைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஏனெனில், மேடைப் பதிவு என்பது நிகழ்ந்ததன் பதிவு அன்று; நிகழ்ந்தவற்றுள் ஒலிவாங்கி வைக்கத் தகுந்ததென எவரோ தீர்மானித்ததன் பதிவு.

‘சக்தி’ வெளிவந்த அதே 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தை அடுத்திருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் அங்கிருந்து பெயர்க்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் மான்குர்த் ரயில் நிலையத்திற்குத் தெற்கே, இன்று சீத்தா கேம்ப் எனப்படும் சதுப்பு நிலத்தில் கொண்டுபோய் விடப்பட்டனர். அவர்களுக்காகப் போராடிய ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். அந்த இடப்பெயர்வின் நீதிமன்ற வழக்குகளும் போராட்டங்களும் எழுத்தில் உள்ளன. அம்மக்களோடு பெயர்ந்த ஒலிகள் எங்கே? புதிய மண்ணில் முதல் அம்மன் கொடைக்கு யார் மேளம் வாசித்தார்? வில்லுப்பாட்டில் எந்தக் கதை பாடப்பட்டது? பள்ளிவாசல் தெருவில் எந்த மெட்டில் பைத் ஓதப்பட்டது? ராக் ரசிகரின் அலமாரியில் இவற்றைத் தேட வேண்டியதில்லை. சபா ரசிகரின் நாடாப் பெட்டியிலும் இவை இரா. 1963 முதல் சண்முகானந்தா அரங்கில் ஒலித்த தமிழிசை மான்குர்த்திலிருந்து ஹார்பர் வழித்தடத்தில் சில நிறுத்தங்களே தள்ளி இருந்தது. ஒலிவாங்கிக்கு அந்தத் தொலைவு கடக்க முடியாததாக இருந்தது.

‘அக்காலத்தில் நாடாக்கருவி விலை உயர்ந்தது, அதற்கு ரசிகர் என்ன செய்வார்?’ என்று கேட்கப்படும். நியாயமான கேள்வியே. ஆனால் எழுபதுகளின் இறுதியில் வளைகுடாவிலிருந்து திரும்பியவர் கையில் டேப்ரிகார்டர் வந்துவிட்டது. அதில் பதிவான திருமணங்களும் கொடைகளும் கொஞ்சமல்ல. அவை ஏன் ‘அரிய பதிவு’ ஆகவில்லை? கருவியின் விலையைவிட, எந்த ஒலிக்குத் தேதியும் கலைஞர் பெயரும் எழுதி ஒட்டலாம் என்ற மதிப்பீடே இங்குத் தடையாக நின்றது. கிங் கிரிம்சன் ரசிகர் எந்த இரவில் எந்தப் பாடலில் எந்தத் தந்தி அறுந்தது என்று எழுதிவைப்பார். சபா ரசிகர் பக்கவாத்தியக்காரரின் பெயரை மறந்தால் தூங்கமாட்டார். கொடையில் வாசித்தவர் ‘மேளக்காரர்’ என்ற பொதுப்பெயரோடு முடிந்துபோகிறார்.

சட்டமும் நெடுங்காலம் கலைஞர் பக்கம் நிற்கவில்லை. 1978-இல் ஃபார்ச்சூன் ஃபிலிம்ஸ் எதிர் தேவ் ஆனந்த் வழக்கில், நடிகரின் நடிப்பு பதிப்புரிமைக்குரிய படைப்பு ஆகாது எனப் பம்பாய் உயர் நீதிமன்றம் கருதியது. நிகழ்த்துநர் உரிமை என்பது 1994 திருத்தத்தின் வழியேதான் பதிப்புரிமைச் சட்டத்தில் நுழைந்தது. எழுபதுகளின் இந்திய மேடையில் ஒருவர் அனுமதியின்றிப் பதிவு செய்யப்பட்டால், அந்நிகழ்த்துதலின் மேல் அவருக்கெனச் சட்டம் வரையறுத்த உரிமை இருக்கவில்லை. ‘நாங்கள் காப்பாற்றினோம்’ என்று சேகரிப்பாளர் பெருமிதம் கொள்கையில் இதையும் சேர்த்து நினைக்க வேண்டும். காப்பாற்றியது மெய், கேட்காமல் எடுத்ததும் மெய். அப்படி எடுத்ததைப் பூட்டிவைத்து, நெருங்கியோருக்கு மட்டும் நகல் தரும் பண்ணையார்த்தனத்துக்கு இரண்டுமே சான்றிதழ் ஆகா.

நிறுவனங்களின் பங்கு இதைவிடக் குறைவு. நிகழ்த்துகலைகளுக்கான தேசிய மையம் 1969-இல் இதே நகரில் தோன்றியது. இன இசையியலுக்கான ஆவணக் காப்பகம் 1982-இல் அமெரிக்க இந்தியவியல் கழகத்தால் தொடங்கப்பட்டது. இவை செய்த பணி சிறிதன்று. ஆனால் மான்குர்த்துக்குப் பக்கத்திலுள்ள தேவ்னாரிலிருந்து ஆண்டுதோறும் சீத்தா கேம்புக்குச் செல்லும் ஆய்வு மாணவர் கையில் இருப்பது வினாநிரல்: குடும்ப வருமானம், குடிநீர், கழிப்பறை. அம்மக்களுக்கு ஒரு செவி இருக்கிறது என்பதே அந்த நிரலில் தெரியாது. ஏழையைப் பற்றிய ஆய்வு சமூகவியல், பணம்படைத்தவர் கேட்பது மட்டும் இசையியல் என்ற பிரிவினையைத் துறைகள் இன்றும் கூச்சமின்றிப் பேணுகின்றன.

இன்று ஆடி மாதத்தில் கூழ் ஊற்றும் தெருவில் பத்துக் கைபேசிகள் உயர்கின்றன. பதிவு நடக்கிறது. பிறகு கைபேசி மாறும், அட்டை பழுதாகும், இடம் போதவில்லை என்று கோப்பு அழிக்கப்படும். நாடா பூஞ்சை பிடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. இதற்கு ஒரு மாதம் போதும். கோப்பைப் பிரதி எடுத்து, வாசித்தவரிடம் அனுமதி கேட்டு, அவர் பெயர், ஊர், குரு, நாள், தெரு ஆகியவற்றை எழுதி, ஒரு பிரதியை அவரிடமே தருவதற்குப் பெரும் நிதி தேவையில்லை. ஒரு கிங் கிரிம்சன் ரசிகர் ஒரே இரவின் பதிவுக்குச் செலுத்தும் கவனம் போதும்.